எவ்வுள்?

எங்கள் ஊரின் பெயருக்குள் ஒரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது.

இன்று ரயில்வே பலகையில் திருவள்ளூர் என்று எழுதியிருக்கும் ஊருக்குப் பழைய பெயர் திருஎவ்வுள். ஸ்தல புராணம் சொல்லும் கதை இது. சாலிஹோத்திரர் என்ற முனிவர் ஓராண்டுக் காலம் உண்ணாமல் தவமிருந்தார். நோன்பு முடிந்த நாளில் கொஞ்சம் மாவைப் பக்குவம் செய்து வைத்துக்கொண்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தார். ஒரு கிழவர் வந்தார். தமக்கு வைத்த பங்கைச் சாப்பிட்டார். பசி தீரவில்லை என்றார். முனிவர் தம் பங்கையும் எடுத்து வைத்தார். வயிறு நிறைந்ததும் கிழவருக்குக் களைப்பு வந்தது. "படுக்க வேண்டும், எவ்வுள்?" என்று கேட்டார். எந்த அறை என்று அர்த்தம். முனிவருக்கு இருந்ததோ ஒரே குடிசை. "இவ்வுள்" என்று அதையே காட்டினார். உள்ளே போய்ப் படுத்த கிழவர் பெருமாளாகக் காட்சி கொடுத்தார். வீரராகவப் பெருமாள் இன்றும் அங்கே படுத்த கோலத்தில்தான் இருக்கிறார். அவருடைய வலக்கை முனிவரின் தலைமேல் இருக்கிறது.

அமாவாசைக்கு முதல் நாள் இரவு வெளியூர் ஜனங்கள் வந்து கோயிலைச் சுற்றிலும் குளக்கரையிலும் துண்டை விரித்துப் படுத்திருப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையையும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது பெருமாளின் மாறுவேஷந்தான். இருந்த ஒரே குடிசையையும் கொடுத்துவிட்ட முனிவர் அன்று இரவு எங்கே படுத்தார் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

நாற்பத்தாறு வயதில், என் தங்கைக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கோயிலும் டாக்டருமாக அலைந்து அவள் பெற்ற பெண் குழந்தை. பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தொட்டிலில் போடும் நாளன்று தாய்மாமன் தொட்டில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "என்ன மாதிரித் தொட்டில் வாங்கட்டும்?" என்று நான் வெள்ளை மனத்தோடு கேட்டுவிட்டேன். கேட்டதுதான் தாமதம், வீடு மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது.

"தொட்டில் எதுக்குடா? என் பழைய நூல் புடவை ரெண்டு இருக்கு. கூடத்துல கொக்கி இருக்கு. நீயும் இவளும் அந்தத் தூளியிலதானே கிடந்தீங்க? என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் சூப்பர்வைசர். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நான்கு பக்கமும் கம்பி அடைத்த வெள்ளை மரக் கட்டில். "பிறந்த நாளிலிருந்தே தனி ரூம்ல தனியாப் படுத்துப் பழகணும் மச்சான். அப்பத்தான் பின்னால தொந்தரவு இருக்காது" என்றார்.

தங்கை ஒன்றும் வாதாடவில்லை. குழந்தையைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். "என் பக்கத்துலயே கிடக்கட்டும்ணா" என்றாள்.

ஒரு முழம் நீளமுள்ள ஜீவன் எங்கே தூங்குவது என்ற சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிக்கத் தோன்றவில்லை. வாய் திறந்து சொல்ல முடியாத ஒருவருக்காக மற்றவர்கள் கூடி முடிவு செய்கிற இடம் எல்லாமே நியாயத்தின் பரீட்சைக் கூடந்தான். அந்தப் பரீட்சை ஒவ்வொரு வீட்டிலும் குழந்தை பிறந்த அன்றே ஆரம்பித்துவிடுகிறது.

அம்மாவின் கட்சி லேசானதல்ல. தூளி என்பது ஏழையின் அசட்டுத்தனம் என்று நினைப்பவர்கள் அதன் நியாயத்தை அறியாதவர்கள். மண் தரையில் எறும்பும் பூரானும் ஊர்ந்த காலத்தில், தரையிலிருந்து குழந்தையைத் தூக்கிப் பிடித்த கை அது. நாற்று நடப் போன பெண், வரப்போரத்து மரக்கிளையில் தூளியைக் கட்டிவிட்டு வயலில் இறங்கினாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் அவளுக்குத் தூளி தெரிந்தது. தூளி அசைவது நின்றால் ஓடிவந்து ஒரு முறை ஆட்டிவிட்டுப் போவாள். வீட்டில் அடுப்பில் ஒரு கையும் தூளிக் கயிற்றில் ஒரு கையுமாக எத்தனை தாய்மார்கள் சமைத்திருக்கிறார்கள்! வேலையை விட முடியாத பெண், பிள்ளையையும் விடாமலிருக்கக் கண்டுபிடித்த உபாயம் தூளி.

மாப்பிள்ளையின் கட்சிக்கும் வம்சாவளி உண்டு. 1928ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற மனோதத்துவ நிபுணர் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள், கொஞ்சினால் கெட்டுப்போவார்கள் என்று அதில் தாய்மார்களுக்குப் புத்தி சொன்னார். அந்தக் காலத்து விஞ்ஞானம் அப்படிப் பேசியது. விஞ்ஞானம் பிறகு தன் பேச்சை மாற்றிக்கொண்டது. ஆனால் பழைய பேச்சின் எதிரொலி இன்னும் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கும்மிடிப்பூண்டிச் சூப்பர்வைசரின் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தங்கையின் கட்சிக்குப் புத்தகம் தேவையில்லை. ஒன்பது மாதம் உள்ளே தூங்கியது இன்று வெளியே தூங்குகிறது. அடுத்த வீட்டுக்குக் குடிபோகவில்லையே என்பது அவள் எண்ணம்.

வழக்கை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் மூன்று கட்சியிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மூன்றிலும் கொஞ்சம் தள்ளிவிட்டார். குழந்தை தாய் இருக்கிற அறையிலேயே, கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமாவது அப்படி. ஆனால் தனிப் படுக்கையில் இருக்க வேண்டும். படுக்கை தட்டையாக, அழுத்தினால் குழியாதபடி கெட்டியாக இருக்க வேண்டும். மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். தலையணை கூடாது, தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும் கூடாது. முகத்துப் பக்கம் பஞ்சு மெத்தையோ, தளர்ந்த துணியோ, பொம்மையோ இருக்கக் கூடாது. தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது தலையின் பாரத்தைத் தாங்க அதன் கழுத்துக்குப் பலம் போதாது. மோவாய் மார்பில் அமுங்கினால் மூச்சுக்குழல் நெரிபடும் என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நாங்கல்லாம் பிள்ளை வளர்க்கலியா?" என்று கேட்டாள்.

"வளர்த்தீங்கம்மா. வளர்ந்ததுங்கதான் இப்ப நம்ம எதிர்ல உட்கார்ந்திருக்கு. வளராமப் போனதுங்க வந்து சொல்ல முடியாது இல்லையா?" என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து நாற்பது நாளில் போய்விட்டான். ஏன் என்று அந்த நாளில் யாருக்கும் தெரியவில்லை. தூளியில் கிடந்தபோதுதான் போனானா என்றும் எங்களுக்கு நினைவில்லை. டாக்டருக்கு இது தெரியாது. அம்மா அதன் பிறகு தூளியைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று கதைகளில் எழுதிப் பழகிய கை என்னுடையது. அது போதாது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் விற்ற குழந்தை வளர்ப்புப் புத்தகம் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதியது. 1950களுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் அவர் குழந்தையைக் குப்புறக் கிடத்தச் சொன்னார். மல்லாக்கக் கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும் என்பது அவர் பயம். அவரும் குழந்தைகளை நேசித்தவர். அவர் பேச்சைக் கேட்டவர்களும் பெற்ற தாய்மார்கள். ஆனால் குப்புறத் தூங்கும் சிசுக்கள் தூக்கத்திலேயே இறந்துபோவது அதிகம் என்று பின்னால் தெரிந்தது. 1991ல் பிரிட்டனிலும் 1994ல் அமெரிக்காவிலும் ‘மல்லாக்கக் கிடத்துங்கள்’ என்று பெரிய பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் அந்தத் திடீர்ச் சாவுகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, மாத்திரையில்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் சிலர் குழந்தை முதன்முதலாகத் தானே குப்புற விழுந்த நாளில் கொழுக்கட்டை செய்து கொண்டாடுவார்கள். அதுவரை மல்லாந்தே கிடந்தது என்பதற்கு அந்தக் கொழுக்கட்டையே அத்தாட்சி. தூளியில் பாட்டி தோற்றாள், கொழுக்கட்டையில் ஜெயித்தாள். ஆகவே, பழசெல்லாம் தப்பு என்பதும் புதுசெல்லாம் சரி என்பதும் இரண்டுமே சோம்பேறிகளின் முடிவுகள். குழந்தைக்காக முடிவு செய்கிறவனுக்கு அன்பு மட்டும் இருந்தால் போதாது. தெரிந்துகொள்கிற அடக்கமும் வேண்டும்.

இத்தோடு நின்றிருந்தால் இது டாக்டர் எழுத வேண்டிய கட்டுரை. என்னை உறுத்தியது வேறு விஷயம்.

மூன்று கட்சிகளும் குழந்தையின் பேரால் பேசின. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தபோது ஒவ்வொன்றின் அடியிலும் பேசியவரின் தூக்கம் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு வாரா வாரம் ஷிப்டு மாறும். இரவு முழுக்க உலைக்கு எதிரில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதருக்குக் குழந்தையின் அழுகை எட்டாத அறை வேண்டியிருந்தது. கூடத்துக் கொக்கி அம்மாவின் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது; படுத்தபடியே கயிற்றை இழுக்கலாம். டாக்டரம்மாவிடம் போகும்வரை அவள் அதைப் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. உழைக்கிறவனுக்கும் வயதானவளுக்கும் தூக்கம் வேண்டாமா? ஆனால் "எனக்குத் தூக்கம் வேண்டும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, "குழந்தைக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார்கள்.

நானோ அவர்களைவிட மோசம். டாக்டர் சொன்ன அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனவன், கடைசியில் வாங்கியது கடைசல் பிடித்த கால்களும், மெத்து மெத்தென்ற பட்டு மெத்தையும், சுற்றிலும் திண்டும், இரண்டு குட்டித் தலையணையும் வைத்த தேக்குத் தொட்டில். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருந்தது. ஏன் வாங்கினேன்? "தாய்மாமன் என்ன கொண்டு வந்தான்?" என்று நாலு பேர் கேட்பார்களே, அதற்காக. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் பொன்னும் மணியும் இழைத்த தொட்டிலைப் பிரம்மாவே அனுப்புகிறார். பிரம்மாவோடு போட்டி போடும் ஆசை எந்தத் தாய்மாமனுக்கும் உள்ளுக்குள் இருக்கும் போலிருக்கிறது. விசேஷத்தன்று குழந்தை அதில் பத்து நிமிஷம் கிடந்தது, பிறகு அலறிற்று. வந்தவர்கள் தொட்டிலைத் தடவிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் பாயசம் சாப்பிட்டார்கள். மறுநாள் முதல் அதில் துவைத்த துணிகள் தூங்கின.

நான்கு அறை உள்ள வீட்டில் குழந்தை எங்கே தூங்குவது என்பது அப்போதும் முடிவாகவில்லை. தங்கை பகலில் பாயிலும் இரவில் கட்டிலிலுமாக, பாதித் தூக்கத்தில், குழந்தைமேல் புரண்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே விழித்துக் கிடந்தாள். களைத்தவள் அணைத்தபடி தூங்குவதுதான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். களைக்காமலிருக்க என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு வேலையாக இரண்டு பஸ் மாறி கும்மிடிப்பூண்டி போனேன். மாப்பிள்ளை பிடித்திருக்கும் வாடகை வீட்டைப் பார்த்து, தங்கை திரும்பிப் போகுமுன் என்னென்ன செய்ய வேண்டும் என்று பேசுவதாகத் திட்டம். கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சிப்காட் பேட்டைக்குள் நுழைந்தால் இரும்பை உருக்கி இழுக்கிற ஆலைகள், லாரி வரிசை, புழுதி. அங்கே வேலை செய்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று தூர தேசத்துப் பிள்ளைகள் ஏராளம். சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு பையில் எங்கள் குழந்தைக்குச் சின்னதாகிவிட்ட நாலு சட்டைகளை எடுத்துக்கொண்டு, "வாங்க மச்சான், நம்ம கேங்குல ஒரு பையனுக்குக் குழந்தை பிறந்திருக்கு, கொடுத்துட்டு வரலாம்" என்றார்.

சிமென்ட் ஷீட் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி. நாங்கள் போன அறையில் ஐந்து பேர் வாசம்: ஒடிசாவிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும், அவளுடைய தம்பிமார் இரண்டு பேர், அதே கிராமத்துப் பையன் ஒருவன். இப்போது ஆறாவதாக இருபது நாள் குழந்தை. அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில். கொடியில் ஆலை உடுப்புகள். உள்ளே கால் வைத்ததும் கூரை இறக்கிய வெயில் தலையில் உட்கார்ந்தது.

சுவரோரமாக அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பாயை ஒட்டி ஒரு பலகைப் பெட்டி. மூடியில்லை, ஒரு சாண் உயரம். ஆலைக்கு இயந்திரம் வந்த பெட்டியின் பலகைகளை அறுத்து, இழைத்து, விளிம்பில் சிம்பு குத்தாமலிருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவள் தம்பி செய்தது. அடியில் நாலாக மடித்த ஜமுக்காளம். அதன்மேல் இழுத்துச் செருகிய வெள்ளைத் துணி. தலையணை இல்லை. மேலே ஒரு கொசுவலை. குழந்தை மல்லாந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, யாரிடமோ சரணாகதி அடைந்ததுபோலத் தூங்கிக்கொண்டிருந்தது. சுகாதார நர்ஸ் வந்தபோது சொன்னதைக் கேட்டுச் செய்தார்களாம். தாயின் கை எட்டும் தூரம், தனிப் படுக்கை, தட்டை, கெட்டி. எங்கள் டாக்டரம்மா சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. என் தேக்குத் தொட்டில் ஞாபகத்துக்கு வந்து எனக்கு வெட்கமாயிருந்தது.

"நீங்கள்லாம் எங்க படுக்கறீங்க?" என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் கையை வாசல் பக்கம் காட்டினான். "வெளியே" என்றான், தமிழிலேயே. சுவரில் நாலைந்து அட்டைகள் சாத்தி வைத்திருந்தன. ராத்திரி அவற்றை விரித்துக்கொள்வார்களாம். குழந்தை வந்த நாள் முதல் ஆண்கள் நாலு பேரும் அறையைக் காலி செய்துவிட்டார்கள். முந்தின இரவு மழை. அப்போது? டீக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள்.

எவ்வுள் என்று அந்தக் குழந்தை கேட்டிருக்கிறது. இவ்வுள் என்று நாலு பேர் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள். முனிவர் அன்று இரவு எங்கே படுத்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் படுத்தார். மழை வந்தபோது உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒரு கதாசிரியனுக்குப் பெரிய சபலம் உண்டு. ஏழையின் பெருந்தன்மை என்று நாலு வரி எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுரையை முடித்துவிடலாம். படிப்பவர்களுக்கும் ஒரு திருப்தி வரும். ஆனால் அது அயோக்கியத்தனம். மே மாதத்து ஷீட் கூரையின் கீழே எந்தப் பலகைப் பெட்டியும் சிசுவைக் காக்காது. இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் காலையில் காய்ச்சிய இரும்பின் பக்கத்தில் நிற்கிறான். அவன் கண் அசந்தால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளையைக் கேட்டால் தெரியும். தங்களிடம் இருந்த ஒரே இடத்தை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இழைத்து வார்க்கிற இரும்பில் வீடு கட்டிக்கொள்ளும் நாம் எதைக் கொடுத்தோம்? ஒரே அறையில் தனிப் படுக்கை என்கிற டாக்டரின் விதி, அறை உள்ளவனுக்காக எழுதிய விதி என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையின் மூச்சுக்குழலுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை அனுசரிக்க முடியாதபடி ஒரு தாய் வாழ்கிறாள் என்றால், குற்றம் விதியின்மேலும் இல்லை, தாயின்மேலும் இல்லை. அவளுக்கு இடம் விடாதவர்கள்மேல் இருக்கிறது.

இடம் விடாமை எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 1992ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. பெண் சிசுக்களைக் கொன்றுவிடுகிற கொடுமை அந்தப் பக்கத்தில் இருந்தது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்று சொல்லி வெறும் தொட்டிலை வைத்தார்கள். பின்னால் மற்ற மாவட்டங்களிலும் வைத்தார்கள். வீட்டில் யாரும் நகர்ந்து கொடுக்காத இடத்தை ஒரு சர்க்கார் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு மூன்று கட்சிகள் சண்டை போட்டதை நினைத்து, அந்த ஒரு விதத்தில் மட்டும், சந்தோஷப்பட்டேன்.

இடம் கொடுக்கிறவளுக்கு யார் இடம் கொடுப்பது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. 1978ல் தென்னமெரிக்காவில் போகோடா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதச் சிசுக்களுக்கு வெப்பம் தரும் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற டாக்டர், சிசுவைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று அது உலகமெங்கும் பரவியது. பிறகு இந்தியா உள்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பரிசோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைந்த சிசுக்களைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில் சாவு 25 சதவீதம் குறைந்ததாம். இதில் என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அதைச் செய்ய ஆஸ்பத்திரிகள் முதலில் தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. சிசுக்களின் தீவிர சிகிச்சை அறைக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது. குழந்தைக்குத் தாய் படுக்கை; தாய்க்கு? அவளுக்கும் ஒரு படுக்கையை யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். போடாமல், தாய்மை, தியாகம் என்று பேசுவதெல்லாம் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காகப் பாடுகிற தாலாட்டு.

திருவள்ளூர் திரும்பியதும் தொட்டிலைப் பற்றி நான் பேசவில்லை. பலகைப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, வீட்டிலேயே காற்றோட்டமான தன் அறையைக் காலி செய்தாள். பாயைக் கூடத்தில், அந்தக் கொக்கிக்குக் கீழே போட்டுக்கொண்டாள். ஆசாரியை வரவழைத்து, தங்கையின் கட்டில் உயரத்துக்குக் கால் வைத்து, விலகாதபடி கட்டிலோடு இறுக்கிப் பிணைத்து, ஒரு சாதாரணப் பலகைத் தொட்டி செய்தோம். தட்டையான சின்ன மெத்தை. தூளிக்கென்று எடுத்து வைத்த நூல் புடவையைக் கிழித்து அதன்மேல் இறுக்கி விரித்தாள் அம்மா. மாப்பிள்ளை வாரக் கடைசியில் வருகிற இரண்டு இரவும் இரண்டு மணிக்குமேல் குழந்தை அவர் தோளில். மற்ற நாட்களில் பத்திலிருந்து ஒன்று வரை என் முறை. பால் கொடுக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் தங்கை தூங்கினாள். எட்டு வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவதுபோலத் தூங்கினாள்.

நான் அங்கே இருந்த இரண்டு வாரத்தில் ஓர் இரவு, பன்னிரண்டு மணிக்கு, குழந்தை அழாமல் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. எத்தனையோ கதைகளில் குழந்தையின் கண்களை வர்ணித்திருக்கிறேன். அத்தனையும் ஊகம் என்று அப்போது தெரிந்தது. உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்து, மனசு கூசிப் போயிற்று. எனக்கும் ஒரு பெண் உண்டு. அவளுக்கு இப்போது பதினாறு வயது. அவள் பிறந்தபோது நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். தாய்மையைப் பற்றிய கதை. நன்றாக இருக்கிறது என்று ஏராளமான கடிதங்கள் வந்தன. அந்த மூன்று மாதமும் என் குழந்தை இரவில் எங்கே தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பியதும் மனைவியைக் கேட்டேன். பதினாறு வருஷம் தாமதமான கேள்வி. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கோபமில்லை, சிரித்தாள்.

"உங்க எழுத்துக்குச் சத்தம் கேட்காத இடத்துல" என்றாள்.

எந்த இடம் அது என்று மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீடு சிறியது. அப்படி ஓர் இடம் அதில் சமையலறையைத் தவிர வேறு இல்லை.